லவெண்டர் மோகமும் நம் ஜில்லாவின் நிலாவாரையும்

(திருச்செந்தூர் வட்டார விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதுவது)

சில காலமாக நம் வட்டாரத்து நிலச்சுவான்தார்கள் பலர், லவெண்டர் என்னும் வாசனைச் செடியைத் தேரிக்காடுகளின் ஓரத்திலும் கிணற்றுப் பாசன நிலங்களிலும் பயிரிடலாமா என்று வினவி வருகிறார்கள். வடநாட்டு மலைச்சரிவுகளில் அச்செடி ஊதா நிறமாய்ப் பூத்துக்கிடக்கும் படங்களைக் கண்டவர்களும், அதன் தைலம் நல்ல விலை பெறுகிறது என்று கேள்விப்பட்டவர்களும் இவ்வாறு கேட்பதில் வியப்பில்லை. புதுப்பயிரை நாடும் ஊக்கம் புகழத்தக்கதே. ஆயினும் பணத்தையும் நிலத்தையும் அதில் இறக்குமுன், அச்செடியின் குணம் யாது, அது நம் கரைக்கு ஒக்குமா, ஒவ்வாதாயின் அதற்கு ஈடாக நம்மிடம் உள்ளது யாது என்று ஆராய்வது அவசியம். இவ்விஷயத்தில் எனது அபிப்பிராயத்தைக் குடியானவர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் தெரிவிப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

லவெண்டரின் குணங்கள்

லவெண்டர் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளின் மலைப்பாங்கில் தானாக வளரும் குறுஞ்செடி. துளசி, புதினா, கர்ப்பூரவல்லி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. குளிக்கும் நீரில் இதன் பூவை இடுவது ஐரோப்பியரின் பழைய வழக்கம். கழுவுதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்தே இதன் பெயர் பிறந்தது என்று பலர் கூறுவர். உலர்ந்த பூவைச் சிறு பைகளில் கட்டித் துணிப்பெட்டியில் வைத்தால் பூச்சி அணுகாது என்பதும், தலையணையில் வைத்தால் நித்திரை நன்கு வரும் என்பதும் அந்நாட்டு இல்லங்களின் அனுபவம். பூவைக் காய்ச்சி வடித்த தைலம் சோப்பு, அத்தர், மேற்பூச்சு மருந்து முதலியவற்றில் சேர்கிறது. கட்டெபோசே என்னும் பிரெஞ்சு ரசாயன சாஸ்திரி வாசனைத் தைலங்களால் செய்யும் சிகிச்சைக்குத் தனிப்பெயர் சூட்டி 1937-இல் ஒரு நூலே வெளியிட்டார். யூனானி வைத்தியர்கள் உஸ்துகுத்தூஸ் என்று வழங்கும் மருந்துச்சரக்கும் லவெண்டர் இனத்தில் ஒன்றே. அதனை மூளையைத் துலக்கும் துடைப்பம் என்று அவர்கள் சிறப்பித்துச் சொல்லுவர்.

ஆகவே லவெண்டர் பயனுள்ள மூலிகை என்பதில் ஐயமில்லை. இந்தியாவிலும் அது நன்கு விளைகிறது. ஜம்முவைச் சேர்ந்த தோடா ஜில்லாவில் பதர்வா என்னும் மலைப்பிரதேசத்தில், மத்திய அரசின் விஞ்ஞான ஆராய்ச்சி மன்றம் நடத்தும் வாசனைப் பயிர்த் திட்டத்தின் உதவியால், மக்காச்சோளம் விதைத்துவந்த சிறு குடியானவர்கள் பலர் லவெண்டருக்கு மாறி ஆதாயம் அடைந்திருக்கிறார்கள். இதனைக் கேட்டே நம்மவர்க்கு ஆசை பிறந்தது.

நம் கரைக்கு ஏன் ஒவ்வாது?

பதர்வா கடல் மட்டத்துக்குச் சற்றேறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே மாரிக்காலத்தில் பனி விழுகிறது. அக்குளிரில் உறங்கிய செடியே வேனிற்காலத்தில் நிறையப் பூக்கும். குளிர் இல்லாவிடத்துத் தழை வருமேயன்றிப் பூ திரளாது. பூ இன்றேல் தைலமும் இல்லை. திருச்செந்தூரிலோ மார்கழி இரவிலும் குளிர் என்று சொல்லத்தக்கது இல்லை. ஆண்டு முழுவதும் கடற்காற்றின் ஈரம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஒருசேரப் பெய்து வேரடியில் நீர் தேங்கும். லவெண்டர் வேருக்கு இவ்விரண்டுமே பகை.

அன்றியும், நூறு கிலோ பச்சைப்பூவிலிருந்து ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ தைலமே இறங்கும். அதனை வடிக்க ஆவி வடிகலம் அருகிலேயே இருக்கவேண்டும். ஜம்முவில் அக்கலங்களைச் சர்க்கார் ஆங்காங்கே அமைத்துக் கொடுத்தது. இங்கு அது இல்லை. ஆதலால் லவெண்டர் நாற்று என்று விலைகூறி வருவோரிடம் நம் குடியானவர்கள் முன்பணம் கொடுக்கலாகாது. வீட்டு முற்றத்தில் தொட்டியில் வைத்து அழகு பார்ப்பது வேறு, ஏக்கர் கணக்கில் நட்டுப் பிழைப்பது வேறு.

நம்மிடம் உள்ள மூலிகை

அயல்நாட்டு மூலிகைக்கு ஆசைப்படும் நாம், அயல்நாட்டார் நெடுங்காலமாக நம்மிடம் வந்து வாங்கிச்செல்லும் மூலிகையை மறந்திருக்கிறோம். அதுவே நிலாவாரை. உலக வர்த்தகத்தில் அதற்குத் திருநெல்வேலி சென்னா என்று பெயர். ஓர் ஊரின் பெயரே ஒரு மருந்தின் பெயராக வழங்கும் பெருமை எத்தனை ஜில்லாக்களுக்கு வாய்த்திருக்கிறது? ஐரோப்பிய மருந்து நூல்களில் அலெக்சாந்திரியச் சென்னா ஒன்று, திருநெல்வேலிச் சென்னா மற்றொன்று என்று இரண்டே தனித்தலைப்பாக நெடுங்காலம் விளங்கின.

இச்செடியின் பூர்வீகம் அரேபியா, சோமாலியா முதலிய வறண்ட நாடுகள். அரபு வணிகர் வழியாக இக்கரைக்கு வந்தது என்பது பொதுவாகக் கூறப்படுவது. காயல்பட்டினம் முதலிய நம் துறைகளுக்கும் அரபு நாடுகளுக்கும் இருந்த பழைய தொடர்பை அறிந்தோர்க்கு இது விந்தையாகத் தோன்றாது. சூரத்து நிலாவாரை என்ற வழக்கும் இது கப்பல் வழி வந்த சரக்கு என்பதற்கு ஒரு சாட்சி. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹியூஸ் என்னும் ஆங்கில வர்த்தகர் திருநெல்வேலிச் சீமையில் இதனைத் தோட்டப்பயிராக வளர்த்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். பசுமை மாறாத அவ்விலை, நைல் நதிப் பிரதேசத்திலிருந்து முறிந்தும் கலப்படமாயும் வந்த இலையைக் காட்டிலும் மதிக்கப்பட்டது. அதுமுதல் தூத்துக்குடித் துறைமுகம் இதன் வாயிலாயிற்று.

நம் ஜில்லாவில் பலர் இதனை அவுரி என்றே அழைக்கிறார்கள். நீலச்சாயம் எடுக்கும் செடிக்கும் அவுரி என்றே பெயர். இரண்டும் வெவ்வேறு. ஒரே பெயர் பூண்ட இவ்விரண்டின் கதியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. நீல அவுரி ஒரு காலத்தில் நம் ராஜதானியின் பெருஞ்செல்வம். 1897-இல் ஜெர்மானியர் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் சில ஆண்டுகளில் அப்பயிர் நசிந்தது. மருந்து அவுரியோ இன்றளவும் நசியவில்லை. அதன் சத்தை இன்னும் இலையிலிருந்தும் காயிலிருந்துமே எடுக்கிறார்கள். தூத்துக்குடியின் முத்துக்குளிப்பும் 1961-க்குப் பின் நடைபெறவில்லை. இக்கரையின் பழைய ஏற்றுமதிச் சரக்குகளுள் இன்றும் உயிரோடிருக்கும் சிலவற்றில் நிலாவாரை ஒன்று என்பதை நாம் உணரவேண்டும்.

வைத்தியப் பிரயோஜனம்

சித்த வைத்தியத்தில் நிலாவாரைச் சூரணம் மலக்கட்டுக்கு வழங்கும் பிரசித்தமான மருந்து. வயிற்றை முறுக்கும் குணம் இதற்கு உண்டாதலால், சுக்கு, ஓமம் முதலியவற்றைக் கூட்டிக் கொடுப்பது நம் முன்னோர் கண்ட வழி. யூனானியில் இது சனா எனப்படும். ரோஜா இதழுடன் சேர்த்துக் கொடுப்பர். மேனாட்டு வைத்தியமும் இதனை ஒப்புகிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சென்னாவுக்கு இடம் உண்டு.

இதன் சத்துக்குச் சென்னோசைடு என்று பெயர். அது இரைப்பையிலும் சிறுகுடலிலும் மாறாமல் சென்று, பெருங்குடலை அடைந்தபின் அங்குள்ள நுண்ணுயிர்களால் பிரிக்கப்பட்டே வேலை செய்யும். ஆகையால் உண்ட ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பின்னரே பேதியாகும். இரவில் படுக்குமுன் உட்கொள்ளும் வழக்கத்தின் காரணம் இதுவே.

நல்ல மருந்தாயினும் எச்சரிக்கை வேண்டும். நாள்தோறும் வாரக்கணக்கில் உண்டால் உடலின் உப்புச்சத்து குறைந்து, குடலும் மருந்தின்றி இயங்கா நிலை வரக்கூடும். கடும் வயிற்றுவலி உள்ளவர், குடலடைப்பு என்று ஐயமுள்ளவர், சிறு குழந்தைகள் ஆகியோருக்குக் கொடுத்தல் கூடாது. கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேளாமல் தொடலாகாது. விளைவிப்பவனே தன் சரக்கின் நன்மை தீமைகளை அறிந்திருத்தல் நலம்.

சாகுபடி முறை

வடிகால் உள்ள செம்மண், மணல் கலந்த வண்டல், கரிசல் ஆகிய நிலங்கள் இதற்கு ஏற்றவை. சற்று உவர்த்தன்மை உள்ள நிலத்தையும் தாங்கும். காற்றில் நகரும் வெறும் தேரி மணல் ஆகாது. நீர் தேங்கினால் செடி அழுகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்ததை யாரும் மறந்திரார். அத்தகைய மழைக்கு எப்பயிரும் தாங்காது என்பது மெய்யே. எனினும் சாதாரண அடைமழைக்கேனும் தாங்கும்படி வயலின் சரிவையொட்டி வடிகால் வெட்டிய பின்னரே விதைக்கவேண்டும்.

விதையின் மேல்தோல் கடினமானது. பருமணலோடு சேர்த்துத் தேய்த்தபின் ஓர் இரவு நீரில் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும். இறவையில் ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். மானாவாரியில் சற்றுக் கூடுதல் வேண்டும். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 30 சென்டிமீட்டரும் இடைவெளி விடுக. மானாவாரிக்குப் புரட்டாசி, ஐப்பசி விதைப்பு உகந்தது. நம் ஜில்லாவிலேயே உள்ள கிள்ளிகுளம் விவசாயக் கல்லூரி வெளியிட்ட கே.கே.எம். 1 என்னும் ரகம் நம் நிலத்துக்கென்றே தேர்ந்தது. பெயர் தெரியாத கலப்பு விதையைக் கைமாற்றாக வாங்குவதைக் காட்டிலும் அதனைக் கேட்டுப் பெறுதல் உத்தமம்.

விதைத்த இரண்டு, இரண்டரை மாதத்தில் முதற்பறிப்பு வரும். பின்னர் ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்றாக மேலும் இரண்டு பறிப்புகள் கிடைக்கும். முதலில் தோன்றும் பூங்கொத்துகளைக் கிள்ளிவிட்டால் தழை பெருகும். இறவையில் நன்கு பேணினால் ஏக்கருக்கு 600 முதல் 800 கிலோ உலர்ந்த இலையும், அதனோடு சிறிது காயும் கிடைக்கலாம். மானாவாரியில் இதில் பாதியை எதிர்பார்ப்பதே விவேகம். ஆடுமாடுகள் இதனைப் பொதுவாக மேய்வதில்லை. ஆதலால் வேலிச்செலவு குறைவு. வெண்மஞ்சள் நிறப் பட்டாம்பூச்சியின் புழு இலையைத் தின்னும். அதற்கு ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தல் தகும்.

விலை ஏன் குறைகிறது?

"நிலாவாரைக்கு விலை இல்லை" என்பது நான் போகும் கிராமந்தோறும் கேட்கும் முறையீடு. இது முழுப்பொய்யன்று. ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் பெரும்பரப்பில் இப்பயிர் பெருகிவிட்டது. அங்கிருந்து வரும் சரக்கோடு அளவில் நாம் போட்டியிட இயலாது. குணத்திலேதான் போட்டியிடவேண்டும். திருநெல்வேலிச் சென்னா பழங்காலத்தில் பெயர் பெற்றதும் குணத்தினாலேயே. அக்குணத்தைக் கெடுக்கும் காரணங்கள் மூன்று. மூன்றும் நம் கையில் உள்ளவையே.

முதலாவது, உலர்த்தும் முறை. பலர் பறித்த இலையைத் தார்ச்சாலையிலும் களத்து மண்ணிலும் வெயிலில் பரப்புகிறார்கள். இலை பழுப்பாகிறது, முறிகிறது, மண்ணும் சேர்கிறது. பனி உலர்ந்தபின் பறித்து, காற்றோட்டமுள்ள நிழலில், சுத்தமான பாய் அல்லது தார்ப்பாயின்மேல் மெல்லிதாகப் பரப்பி, நாள்தோறும் புரட்டிவிட்டு ஏழு முதல் பத்து நாள் வரை உலர்த்தவேண்டும். பசுமையோடு முழுதாக உள்ள இலை முதல் தரம். பழுத்ததும் முறிந்ததும் கடைத்தரம்.

இரண்டாவது, கலப்படம். ஆவாரை இலையைச் சேர்ப்பது பழைய தந்திரம். பரிசோதனைச்சாலையில் அது நொடியில் வெளிப்படும். ஒருவர் செய்த கலப்படத்துக்காக ஒரு வட்டாரத்துச் சரக்கு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

மூன்றாவது, களை. இதனையே நான் மிகவும் வற்புறுத்த விரும்புகிறேன். நம் வயல்களில் வளரும் தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை ஆகிய பூண்டுகளில் ஈரலைக் கெடுக்கும் ஒருவகை நஞ்சுச்சத்து உண்டு. அறுவடையில் அவை கைதவறிச் சேர்ந்தால், இலை மூட்டை முழுவதிலும் அச்சத்து தென்படும். கஷாயத்துக்கு உதவும் உலர்மூலிகைகளுக்கும் உணவுச் சேர்க்கைகளுக்கும் அந்நஞ்சின் உச்சவரம்பை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல் அமுலாக்கியிருக்கிறது. அவ்வரம்பு ஒரு கிலோவுக்கு மைக்ரோகிராம் கணக்கில் உள்ளது. அதாவது கிராமில் பத்துலட்சத்தில் ஒரு பங்கால் அளக்கப்படுவது. சில களைச்செடிகளே ஒரு பெரிய சரக்கைத் தள்ளுபடியாக்கப் போதும். பூச்சிமருந்தின் எச்சமும் இவ்வாறே சோதிக்கப்படுகிறது.

ஒரு குவிண்டால் இலையில் ஐந்து கிலோ களையும் காம்பும் மண்ணும் இருப்பின், போவது ஐந்து கிலோவின் விலை என்று எண்ணுகிறோம். அது தவறான கணக்கு. எஞ்சிய தொண்ணூற்றைந்து கிலோவும் அடுத்த தரத்துக்கு இறங்கிவிடுகிறது. களை பறிக்க இரண்டு ஆள்கூலியை மிச்சப்படுத்தியவர், பறிப்பு முழுவதிலும் அதைப்போல் பன்மடங்கு இழக்கிறார்.

சில ஆட்சேபங்கள்

பறிப்புக்கு ஆள் கிடைப்பதில்லை என்று சிலர் சொல்லுவர். ஆள் அரிது என்பது மெய். ஆனால் அதனாலேயே கிளையோடு உருவிப் பறிப்பது சரியன்று. அவ்வாறு செய்தால் அடுத்த பறிப்பு குன்றும். விதைப்பை இரண்டு மூன்று வாரம் முன்பின்னாகப் பிரித்துக்கொண்டால், கையில் உள்ள ஆட்களைக்கொண்டே முறையாகப் பறிக்கலாம்.

வாங்குவோர் சிலரே, அவர் வைத்ததே விலை என்று வேறு சிலர் சொல்லுவர். இக்குறை தனித்தனியே நிற்பதால் நேர்வது. பத்துக் குடியானவர்கள் ஒன்றுகூடி, ஒரே ரகம் விதைத்து, ஒரே முறையில் உலர்த்தி, தரம்பிரித்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் வாயிலாகவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் வாயிலாகவோ விற்பார்களாயின், ஏற்றுமதியாளர் வலிய வருவார். தம் சரக்கின் சென்னோசைடு அளவைப் பரிசோதித்து அறிந்தவரே விலை பேசும் வலிமை உடையவர். விதைக்குமுன்னரே விலையும் தரமும் எழுத்தில் பேசிக்கொள்வது இன்னும் சிறப்பு.

நெல்லையும் வாழையையும் விட்டு இதனைப் பயிரிடுங்கள் என்று நான் கூறவில்லை. தாமிரவருணிப் பாசனம் உள்ள நஞ்சைக்கு வாழையும் வெற்றிலையும் இருக்கின்றன. பனையை நம்பியோருக்கு உடன்குடிக் கருப்பட்டியின் பெயர் இருக்கிறது. இவை ஒன்றும் கிட்டாத மேட்டு நிலமும், கிணற்றில் கொஞ்சம் நீரும் உடையவர், தம் புன்செய்யில் ஓர் ஏக்கரையோ இரண்டு ஏக்கரையோ கம்பு, உளுந்து, பருத்தி ஆகியவற்றோடு மாற்றுப்பயிராக இதற்கு ஒதுக்கலாம் என்பதே என் கருத்து. இது ஒரே ஆண்டில் செல்வந்தராக்கும் பயிரன்று. குறைந்த நீரில் நிலத்தைத் தரிசாக விடாமல் காக்கும் பயிர். தரிசு விட்ட நிலத்தில் உடைவேலம் ஏறியபின் அதனை மீட்க ஆகும் செலவை மிராசுதார்கள் நன்கு அறிவார்கள்.

கிராம அதிகாரிகள் கவனிக்க

அடங்கலில் இப்பயிரை எழுதும்போது அவுரி என்று மட்டும் குறிக்காமல், நிலாவாரை அல்லது மருந்து அவுரி என்று தெளிவாக எழுதுதல் வேண்டும். சாய அவுரியும் மருந்து அவுரியும் ஒரே தலைப்பில் கலந்தால், ஜில்லாவில் எத்தனை ஏக்கர் நிலாவாரை உள்ளது என்பதே தெரியாமற்போகும். பரப்புத் தெரியாத பயிருக்கு விதையோ, கிடங்கோ, பரிசோதனை வசதியோ கோருவது எவ்வாறு? வெள்ளமோ வறட்சியோ வந்து சேதக்கணக்கு எடுக்குங்காலத்திலும் குடியானவனுக்கு அடங்கலே சாட்சி. பயிர் நிற்கும்போதே நேரிற் சென்று பார்த்து எழுதிய ஒரு வரி, பின்னர் எழுதும் பத்து மனுக்களுக்குச் சமம்.

கிராமத்துப் பொதுக்களத்தில் கூரையிட்ட ஓர் உலர்த்துகொட்டகை அமைவதற்கு ஊராட்சியார் வழிகாணலாம். அது நிலாவாரைக்கு மட்டுமன்று. நித்தியகல்யாணி, முருங்கை இலை முதலியவற்றுக்கும் பயன்படும். லவெண்டருக்கு வடிகலம் இல்லையே என்று வருந்துவோர், நிலாவாரைக்கு ஒரு கொட்டகைகூட இல்லாததைப் பற்றி வருந்துவது முறை.

வருகிற புரட்டாசிக்குள் விதைக்க எண்ணுவோர் இப்பொழுதே நிலத்தைத் தேர்ந்து, வடிகாலைச் சீர்செய்து, விதைக்குக் கிள்ளிகுளத்துக்கோ தம் வட்டார விவசாய அலுவலகத்துக்கோ எழுதிக்கொள்வார்களாக. நாற்றுக்காரரிடம் முன்பணம் கொடுக்க எண்ணியிருந்தோர், அப்பணத்தில் ஒரு பகுதியைக் களையெடுப்புக்கும் ஒரு தார்ப்பாய்க்கும் ஒதுக்கினால், முதற்பறிப்பிலேயே அதன் பயனைத் தராசில் காணலாம்.